ஸ்பேம் பெட்டியில் ஓர் எச்சரிக்கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம் சார். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவேன்.

எங்கள் கம்பெனி லாரிகளுக்குத் தகட்டு உதிரிபாகங்கள் செய்கிறது. கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. மெயில் எல்லாம் வெளியார் சர்வரில் இருந்தது. சொந்தமாக ஒன்று வாங்கி நம் கட்டடத்திலேயே வைக்கலாம் என்று முதலாளி சிவராஜிடம் சொன்னவன் நான்தான். கொள்முதல் பார்க்கும் ஃபெபா மட்டும், "வேணாம்ணா, ஒரு மெயிலு சிக்கிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

"நான் சொல்றேன்" என்றேன்.

"அப்படி ஒண்ணு நடந்தா நீ வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

புது சர்வரில் ஸ்பேம் வடிகட்டி கொஞ்சம் கடுமையாக இருந்தது. ஒரு காலையில் அதற்குள் ஒரு மெயில் கிடந்தது. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ்ஸைத் தயாரித்த ஜெர்மனிக்காரர்கள் அனுப்பியது. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் சில சமயம் வேலை செய்யாது, மாற்றித் தரும்வரை ஓட்டாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். வந்து சில நாள் ஆகியிருந்தது. எடுத்துக் கொடுத்தால் தேதி தெரிந்துவிடும். அழித்துவிட்டேன்.

அப்படியே விட்டுவிடவில்லை சார். பிரஸ்ஸில் நிற்கும் கங்கப்பனிடம் போய், "கையைப் பாத்துக்கங்கண்ணா" என்றேன்.

"இன்னாப்பா புதுசா அக்கறை? கை உள்ள போனா மெஷினே நின்னுக்கும்" என்று சிரித்தார்.

அதற்கு மேல் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்.

மறுவாரம் அவருடைய இரண்டு கைகளும் போயின. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிரும் போய்விட்டது. குடித்திருந்தானா என்று முதலாளி கேட்டார். கண் சிவந்திருந்தது என்று நான் சொன்னேன். "அவருக்கு அந்த வாசனையே ஆவாதுங்க" என்று அவர் மனைவி செல்வம்மாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதார். கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அவர் நின்ற பிரஸ்ஸை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

ஃபெபாதான் விடவில்லை. சர்வர் பதிவுகளைத் தோண்டி, ஒரு மெயில் வந்து அழிக்கப்பட்டதை இன்று காலை கண்டுபிடித்தாள். "இன்னா மெயிலுண்ணா அது?" என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றேன். உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களுக்கு போன் செய்தாள். அனுப்பியவர்கள் ஊரில் இன்னும் பொழுது விடியவில்லை. அதனால் அதில் என்ன இருந்தது என்று இங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. அந்த மெயிலில் எங்களுடைய இரண்டு பிரஸ்களின் எண்களும் இருந்தன. இரண்டாவதில் இந்நேரம் மாரம்மா வேலையை ஆரம்பித்திருப்பாள். முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் என் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே எழுந்து ஓடிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது சார்.