பழப்புளி போட்டு மினுக்கிய பீப்பாய்

சீசா பகுதியிலிருந்து லிபெர்த்தா வீதிக்குப் போகும் பேருந்தில், இத்தாலியர் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் இரண்டு தமிழ்ப் பெண்கள் என் முன் இருக்கையில் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோர் இரும்புப் பீப்பாய் அடிச்சுப் பேரெடுத்த மனுசன்.”

“பகிடி விடாதேங்கோ, அக்கா.”

“உண்மையடி. அவரோடை சேர்த்து நாலு பேர், எல்லாரும் வேற வேற ராக் குழுவிலை பெரிய ஆக்கள். ஒண்டாச் சேர்ந்து, தொழிற்சாலைச் சத்தத்தை வைச்சுப் பாட்டுப் போட்டவை. ஒரே ஒரு இசைத்தட்டுத்தான். ஆர் பெரிசு எண்டு பிடுங்குப்பட்டுப் பிரிஞ்சிட்டினம். இருபது வருசமா ஆளையாள் முகம் பாக்கிறேல்லை.”

“அந்தப் பீப்பாய்?”

“மூலையிலை கறள் பிடிச்சுக் கிடந்துது. பாஸ்காப் பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கேக்கை, பழப்புளி போட்டு மினுக்கிப்போட்டன்.”

“ஐயோ!”

“அந்தக் கறளிலைதானாம் சத்தமே இருந்தது. தட்டிப் பாத்திட்டு மனுசன் அழுதிட்டுது. பிறகு மற்ற மூண்டு பேருக்கும் போன் எடுத்துச் சொன்னவர்.”

“வேலை போச்சோ?”

“இல்லையடி. நேற்று நாலு பேரும் ஒரே மேசையிலை இருந்து, ஒற்றுமையா என்னை ஏசினவை. சின்யோர் சிரிச்சதை நேற்றுத்தான் கண்டன்.”

இறங்குவதற்குப் பொத்தானை அழுத்திவிட்டு மூத்தவர் எழுந்தார்.

“பல்கனியிலை இன்னொரு பீப்பாய் கிடக்கு. திரும்பப் பிரிஞ்சினமெண்டால் அதையும் மினுக்குவன்.”