முன் சக்கரத்தின் உறுமல்

கார் போடும் சத்தத்தை வாயால் செய்வது பெரிய வித்தை இல்லை. உதட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு தொண்டையின் அடியிலிருந்து காற்றை விட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் சாகினாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட என் சத்தத்தைச் செய்கிறார்கள். சிலர் என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

எங்கள் வானொலியின் ஆண்டு விழா மலருக்காக, அந்தச் சத்தம் எப்படிப் பிறந்தது என்று கேட்கிறீர்கள். இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், கேட்பவர்கள் சிரிப்பார்கள், கடைசியில் கொஞ்சம் கண் கலங்குவார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தப்போவதில்லை. உங்கள் கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை. மறுபடியும் நிற்கச் சொன்னார்கள். மறுநாள் முதல் போகவில்லை. அப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்தேன். அங்கே பேசத் தேவையில்லை. கேட்டால் போதும். அப்பா வண்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே காதை வைத்துக் கேட்பார். என்னையும் கேட்கச் சொல்வார்.

பிறகு வானொலியில் வேலை கிடைத்தது. ‘காலை முரடர்கள்’ நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்து, யாரை உள்ளே அனுப்பலாம் என்று பார்க்கும் வேலை. நிகழ்ச்சியை நடத்தும் ரஸ்டி க்ரோலும் ஸ்பட்டும் ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். நேயரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கண்ணாடியில் கையை வைத்து விரல்களைக் காட்டுவேன். ஒரு விரல் என்றால் சுமார். ஐந்து விரல் என்றால் ஊரே சிரிக்கும். ரஸ்டிக்கு என் பெயர் தெரியாது. “ஏய் கண்ணாடி” என்றுதான் கூப்பிடுவார்.

நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிட்டார் அலறும். அது முடிவதற்குள் இருவரும் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பிப்பார்கள். வெளிநாட்டு வண்டி வாங்கியவனை அழைத்து வந்து, அவன் கையிலேயே சம்மட்டியைக் கொடுத்து, ஒரு பழைய வெளிநாட்டு வண்டியை உடைக்க வைப்பார்கள். பாதி ஊர் கார் ஆலையில் வேலை பார்த்தது. ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் இதைத்தான் கேட்டார்கள்.

அதில் எல்லோருக்கும் பிடித்த பகுதி ‘உங்க வண்டி என்ன சொல்லுது?’. நேயர்கள் தங்கள் வண்டி போடும் சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். ரஸ்டி அதற்கு ஒரு பாட்டை ஓட விடுவார். ஸ்பட் கண்டபடி வைத்தியம் சொல்வான். கடைசியில் ஹார்வி என்ற நிஜமான மெக்கானிக் வந்து உண்மையான கோளாறைச் சொல்வார். வாரக் கடைசியில் போட்டி. வெள்ளிக்கிழமை காலை, நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், அந்த வாரத்தின் சிறந்த சத்தக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து கூட்டத்தின் முன்னால் அதே சத்தத்தைப் போட வைக்க வேண்டும். போட்டால் நான்கு புது டயர். நடுவில் பழுது பார்த்துவிட்டால் போட்டியில் இடமில்லை.

இந்த விதியை நான் போடவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கும் வாரம் அது. அந்த வாரம் எங்கள் ஊரில் பல்வலிக்கு வைத்தியர்கூடக் கிடைக்க மாட்டார். ஹார்வி வடக்கே காட்டுக்குப் போய்விட்டார். என் அப்பாவும் போய்விட்டார். ஷெட்டுகள் எல்லாம் பூட்டியிருந்தன. “இந்த வாரம் டாக்டர் இல்ல, பேஷன்ட் மட்டும்தான்” என்று ரஸ்டி அறிவித்தார். அதுவே ஒரு நகைச்சுவையாகிவிட்டது.

திங்கட்கிழமை ரோவீனா ப்ருஸாக் கூப்பிட்டாள். ஆலையின் உணவகத்தில் வேலை போனபின் ஒரு பேக்கரியில் விடியலுக்கு முன்பே போய் மாவு பிசைகிறவள். ஐம்பது வயது இருக்கும். பழைய நீள வண்டி ஒன்று வைத்திருந்தாள்.

“ஹலோ, யாரும்மா அது? மூச்சு மட்டும் கேக்குது. வாய்க்குள்ள பன்னு வெச்சிருக்கியா?” என்றாள்.

“இல்லங்க. சொல்லுங்க.”

“அட, நல்ல குரலாத்தான் இருக்கு. பேரு என்ன கண்ணு?”

“ஜோலீன்.”

“ஜோலீன், இந்தக் குரல வெச்சுகிட்டு நீ எதுக்கு ஃபோன எடுக்கிற? அந்த ரெண்டு தடியன்களையும் ஃபோன எடுக்கச் சொல்லிட்டு நீ பேசு.”

அந்த வேலையில் என் பெயரைக் கேட்ட முதல் நேயர் அவள். பிறகு சத்தத்தைச் செய்து காட்டினாள். அடியிலிருந்து எழும்பி, வேகத்தோடு ஏறி, திருப்பத்தில் பெருகி, மறுபடி இறங்கும் ஓர் உறுமல். வயிறு சரியில்லாத காளை முக்குவதைப் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அது என்னவென்றும் தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் அதிகமாகிறது என்று கேட்டேன். வலப்பக்கம் என்றாள். அப்படியென்றால் இடது முன் சக்கரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்பாவின் ஷெட்டில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கண்ணாடியில் ஐந்து விரலைக் காட்டினேன்.

“ரோவீனா, உங்க வண்டிக்கு என்னாச்சு?” என்றார் ரஸ்டி.

“எனக்கென்ன தெரியும்? என் புருஷன் ஏர்ல் சாப்பிட்டுட்டுத் தூங்குறப்ப இதே சத்தம்தான் போடுவாரு. அவர எங்கயும் ரிப்பேருக்கு விடல, ஓடிக்கிட்டுத்தான் இருக்காரு.”

ஸ்பட் மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். அவள் உறுமலுக்கு ரஸ்டி ஒரு டிரம் தாளத்தைப் போட்டார். அவளும் தாளம் தப்பாமல் உறுமினாள். தொலைபேசியின் எல்லா விளக்குகளும் எரிந்தன. பாட்டு ஓடும்போது ரஸ்டி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“ஏய், இவள எங்கடி புடிச்ச? உன் பேரு என்ன?”

சொன்னேன். அடுத்த பாட்டுக்கு முன் அவர் ஒலிபரப்பில் சொன்னார்: “இந்தத் தங்கத்தக் கண்டுபிடிச்சது நம்ம ஜோ.” வேறு எதையும் இவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளிடம் கோளாறைச் சொல்லிவிட நினைத்தேன். இதை நான் பலமுறை எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் ரஸ்டி உள்ளேயிருந்து கைகாட்டினார், இணைப்பைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு உறுமல் இன்னும் தடித்திருந்தது. மக்கள் அவளைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்பட் எனக்கு ஒரு டோநட் வாங்கிக் கொடுத்து, “நாளைக்கும் கூட்டிட்டு வா ஜோ” என்றான்.

புதன்கிழமை, உள்ளே அனுப்புவதற்கு முன்னால், அவளாகவே கேட்டாள்.

“கண்ணு, ஸ்டீயரிங் கையில நடுங்குதுடி. இது ஆபத்து ஒண்ணும் இல்லையே? அங்க யாராவது விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

ஹார்வி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நான், “எங்கப்பா மெக்கானிக்குங்க. பழைய வண்டின்னா அப்படித்தான் நடுங்கும். பயமில்ல” என்றேன்.

“அப்பாடா. வீட்லயே ஆள் இருக்கா உனக்கு. சரி, போடு லைன.”

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாகினாவில் அன்றைக்குச் சத்தம் போடாத வண்டி எது? எல்லோரும் அடுத்த சம்பளம் வரட்டும், வேட்டை முடியட்டும் என்று ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் மெக்கானிக் இல்லை. இவையெல்லாம் சரியான வாதங்கள்தான். இத்தனை வருடங்களில் நான் கண்டுபிடித்தவற்றில் இவைதான் சிறந்தவை.

வியாழக்கிழமை உறுமலோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ‘டொங்’ என்று ஓர் இடி. பிறகு உறுமல். பிறகு இரண்டு இடி. அவள் அதை அற்புதமாகச் செய்தாள், நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இடித்து. அப்பா சொல்வார், உறுமும்வரை வீட்டுக்கு ஓட்டிப் போகலாம், இடிக்க ஆரம்பித்தால் வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்று. அதுவும் எனக்கு நினைவிருந்தது.

ஒலிபரப்பு முடிந்தபின்னும் அவள் இணைப்பில் இருந்தாள்.

“ஜோலீன், ஏர்ல் காட்டுலேருந்து வந்துட்டாருடி. மானும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, சளி புடிச்சுகிட்டு வந்திருக்காரு. சாயங்காலம் சக்கரத்தக் கழட்டிப் பாக்கட்டுமான்னு கேக்கறாரு.”

“கழட்டினா சத்தம் போயிடுங்க” என்றேன். “நாளைக்குப் போட்டியில சேத்துக்க மாட்டாங்க.”

“அதுவும் சரிதான். நாலு டயராச்சே.”

“நாளைக்கு ஒரு நாள்தானே. தாங்கும்.”

“நீ சொன்னா சரி. அவர வேணாம்னு சொல்லிடறேன். நாளைக்கு வரப்ப உனக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டாரேன். உன் மூஞ்சியப் பாக்கணும் நான்.”

இனி, நான் எல்லோரிடமும் சொல்லும் கதை. வெள்ளிக்கிழமை காலை நிறுத்துமிடத்தில் ஒரு கூட்டம். சிலருடைய வண்டிக் கூரையில் மான் கட்டியிருந்தது. ரோவீனா வரவில்லை. கூட்டம் கால்களால் தரையைத் தட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. ரஸ்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் கையில் மைக்கைத் திணித்தார். பள்ளிக்கூடத்தில் நான்கு பேர் முன்னால் பேச முடியாத பெண், நானூறு பேர் முன்னால் ரோவீனாவின் வண்டியாக உறுமினாள். உறுமல், இடி, மூச்சு, மறுபடி இரண்டு இடி. கூட்டம் குலுங்கியது. ஸ்பட் தரையில் உட்கார்ந்துவிட்டான். திங்கட்கிழமை முதல் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

அன்று மாலைப் பத்திரிகையில்தான் தெரிந்தது. விடிவதற்கு முன் பேக்கரிக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தில், ரோவீனாவின் வண்டியிலிருந்து இடது முன் சக்கரம் கழன்றிருக்கிறது. வண்டி எதிரே வந்த லாரிக்கு அடியில் போய்விட்டது.

ரஸ்டி அழுதார். அடுத்த வாரம் முழுக்க அவள் நினைவாகப் பாட்டுப் போட்டோம். அந்தச் சத்தத்தை இனிச் செய்ய வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். நேயர்கள் எழுதினார்கள், அவள் நினைவாகச் செய்யுங்கள் என்று. நானும், அதுதான் அவளுக்கு மரியாதை என்று சொன்னேன். அப்படித்தான் அது நிகழ்ச்சியின் அடையாளமானது. இன்றும் காலை ஆறு மணிக்கு ஊர் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறது. சம்பளம் வந்தது. வீடு வாங்கினேன். இலவங்கப்பட்டை வாசனை வரும் கடைகளுக்கு நான் போவதில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் யாராவது அடையாளம் கண்டுகொண்டு, “ஜோ, ஒரு தடவ அதச் செய்யேன்” என்று கேட்டால் செய்கிறேன். செய்து முடித்ததும் காருக்குள் உட்கார்ந்து, முகம் ஆறும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்க்குள் கசப்பாக வருகிறது.

இவ்வளவும் உங்கள் மலருக்குப் போதும். மிச்சத்தைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

மாலைப் பத்திரிகையில் தெரிந்தது என்றேன். மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தபோது, அவள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க நான் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். ஏர்ல் எடுத்தார். சளி பிடித்த குரல். யார் என்று சொன்னேன்.

“அவ இல்லம்மா” என்றார். “பாலத்துல. சக்கரம் போயிடுச்சு. இப்பத்தான் போலீஸ்காரங்க போனாங்க.”

அவரே தொடர்ந்தார்.

“நான் கழட்டிப் பாக்கறேன்னு சொன்னேன். உங்க ரேடியோவுல ஒரு பொண்ணு தாங்கும்னு சொல்லிச்சாம். அவங்கப்பா மெக்கானிக்காம். அந்தப் பொண்ணு யாரும்மா? நான் திட்டமாட்டேன். அது என்ன கேட்டுச்சு, எத வெச்சு அப்படிச் சொல்லிச்சு, அத மட்டும் தெரிஞ்சுக்கணும்.”

“அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்றேன். “தப்பா கேட்டிருப்பாங்க.”

“அப்படியா” என்றார். பிறகு, “சிரமத்துக்கு மன்னிச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு நிறுத்துமிடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கூட்டம் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. ரஸ்டி போட்டியை ரத்து செய்துவிட்டு உள்ளே போகத் திரும்பிவிட்டார். அவர் என் கையில் மைக்கைத் திணிக்கவில்லை. நான்தான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, எனக்கு அந்தச் சத்தம் வரும் என்று சொல்லி, மைக்கைக் கேட்டு வாங்கினேன்.