வாசலில் கிடந்த ஆண் செருப்பு

அதட்டாமலே இந்த அரங்கை அடக்கி வைத்திருக்கும் சங்கத் தலைவி அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! வேலை முடித்த களைப்போடும் கைப்பையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் மாடிப்படியில் நிற்கும் அண்ணன் தம்பிகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். வணங்கிவிட்டேன், இனி கோபப்படலாம் அல்லவா?

உங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். பொத்தான் தைத்துப் பிழைப்பதால் பொத்தான் அக்கா என்றே கூப்பிடுகிறீர்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடத்திலேயே இறந்துபோனார். ஆண் துணை இல்லாத பெண்ணுக்கு என்று அரசு உதவித்தொகை கொடுத்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்த கை அதோடு நின்றதா? கதவைத் திறந்தது, அலமாரியைத் திறந்தது, குளியலறையில் எத்தனை துண்டு தொங்குகிறது என்று எட்டிப் பார்த்தது!

தனியாக இருக்கிற பெண் என்று தெரிந்ததும், சாயங்காலமானால் கண்டவனெல்லாம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். தண்ணீர் கேட்டு ஒருவன், விலாசம் கேட்டு ஒருவன். அக்கா கடைக்குப் போய் ஒரு ஜோடி ஆண் செருப்பு வாங்கி வாசலில் போட்டார். புதுசாகவே கிடந்தால் எவன் நம்புவான்? அதனால் தினமும் காலையில் தானே அதை மாட்டிக்கொண்டு, சரக் சரக்கென்று இழுத்து நடந்து, குப்பை கொட்டிவிட்டு வருவார். செருப்பு தேய்ந்தது. கதவு தட்டுவதும் நின்றது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைப் புரட்டிப் பார்த்தார். தேய்ந்திருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறான், ஆகவே உதவித்தொகை நிறுத்தம்!

விசாரணைக்கு அழைத்தார்கள். மேசைமேல் பிளாஸ்டிக் பையில் செருப்பு. எதிரே மூன்று அதிகாரிகள். யார் அவன், எத்தனை நாளாக வருகிறான், எத்தனை மணிக்குப் போகிறான் என்று கூசாமல் கேட்டார்கள். அக்கா எழுந்து பையைப் பிரித்தார். செருப்பை எடுத்துக் கீழே போட்டுக் காலை வைத்தார். அந்தப் பெரிய செருப்பில் பதிந்திருந்த சின்னத் தடம் அவர் பாதத்துக்கு அச்சாகப் பொருந்தியது!

அப்போதாவது தலை குனிந்தார்களா? "அப்போ ஆள் இருக்கிற மாதிரி நடிச்சிருக்கீங்க. அதுவும் தப்புதாம்மா" என்றார் நடுவில் இருந்தவர். ஆண் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்! ஆறு மணிக்குமேல் எந்த ஆணையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. "என் தம்பி வந்தா வாசல்லயே நிக்க வைக்கணுமா சார்? நான் எப்படிப் பயப்படணும்னுகூட உங்களைக் கேட்டுத்தான் பயப்படணுமா?" என்றார்.

அதிகாரிகளே, சோறு போடுகிறவன் சட்டியைப் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் பார்க்கலாமா? யார் கொடுத்த வரியை எடுத்து யாருக்குக் காவல் போடுகிறீர்கள்?

என்ன அண்ணே, இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. அந்த அறையின் மூலையில் குறிப்பெழுதிக்கொண்டு இருந்தவள் நான். பத்தொன்பது வருடமாக அங்கே எழுத்தர். கால் பொருந்தியதை என் கண்ணால் பார்த்தேன். "அதை எழுத வேண்டாம்" என்றார்கள். எழுதவில்லை. 'ஆண் நடமாட்டம் உறுதி' என்று இந்தக் கைதான் எழுதியது. என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அக்காவின் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. நான் எழுதாமல் விட்ட வரியை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்காது. தெரிந்துதான் இந்த மேடையில் ஏறினேன்.

உட்கார்ந்தும் நின்றும் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் இருக்கும் பொத்தான் அக்கா, அன்று உங்கள் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் எனக்கு இடம் கொடுப்பீர்களா?