திரும்பத் திரும்ப வர்ற வட்டம்

இல்ல சிஸ்டர், நான் உள்ள வரல. பாப்பா மடியில தூங்குது. அவருக்குக் கண்ணுல மருந்து ஊத்தி உக்கார வச்சிருக்காங்க. கார்டுல பேரு இருக்கு பாருங்க. ஆங், அதேதான், கோவிந்தராஜன். நான் வாயால சொல்ல மாட்டேன், சிரிக்காதீங்க.

நீங்க தமிழ் பேசுனதும் எனக்கு உசுரே வந்துச்சு. டாக்டர் பெங்காலியில கேப்பாரு, இவரு பதில் சொல்லுவாரு, நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன்.

மூணாவது தடவ சிஸ்டர். வலது கண்ணுல, விழித்திரைக்கு அடியில தண்ணி கோக்குதாம். இங்க கல்கத்தாவுல, கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுல படம் வரையற வேல இவருக்கு. மொத தடவ, போட்ட கோடு வளையுதேன்னு ஸ்கேல மாத்தி மாத்திப் பாத்திருக்காரு. அப்புறம் வீட்ல இடது கண்ணப் பொத்திக்கிட்டு என்னப் பாத்தாரு. காது தெரியுது, தோடு தெரியுது, மூஞ்சி இருக்கற எடத்துல சாம்பல் வட்டமா இருக்குன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. அன்னிக்கு முழுக்க எனக்குக் கண்ணாடி பாக்கவே பயமா இருந்துச்சு.

ஆமா, மூணு மாசத்துல தானா வத்திடுச்சு. மறு வருசம் திரும்ப வந்துச்சு. அதென்ன ரெண்டு தடவையும் தை மாசத்துலயேன்னு டாக்டரே யோசிச்சாரு. ஒவ்வொண்ணா கேட்டாராம், வெளிய வந்து இவருதான் எனக்குத் தமிழ்ல சொன்னாரு. தூக்கம் வருதா, ஆபீசுல கவலையா, சிகரெட் உண்டா, மூச்சுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறீங்களான்னு. இதுல எது இருந்தாலும் திரும்ப வருமாம். வந்துக்கிட்டே இருந்தா அந்த எடம் தழும்பாயிடும், அப்புறம் வட்டம் போகவே போகாதுன்னாரு. மாத்திரையே தொடறதில்லன்னு இவரு சொன்னாரு. பொய் இல்ல சிஸ்டர். இவரு பொய் சொல்லல.

சிகரெட்ட விட்டாரு. டென்ஷன் வேணாம்னு ப்ரமோஷன் பரீட்சைய எழுதல. ஒம்பது மணிக்கே படுத்துக்குவாரு. பாப்பா மேல வந்து விழுந்தா, அப்பாவத் தொந்தரவு பண்ணாதன்னு நானே வெரட்டுவேன். இவ்வளவும் செஞ்சும் வருதே, நான் என்னதான் தப்பு பண்ணேன்னு முந்தாநாள் எங்கிட்ட கேக்கறாரு. நான் சோறு போட்டேன்.

கவலையா? சண்டைகூடக் கெடையாது. வருசா வருசம் பொங்கலுக்கு விழுப்புரம் போவோம், அதான் ஒண்ணு. மாமியார் ஸ்டேஷனுக்கே வந்துடுவாங்க. கல்யாணமான புதுசுல, இறங்கினதும் இவரு தோள்பட்டையத் தொட்டுப் பாத்துட்டு, ஏண்டி, புள்ளைய அனுப்புனா எலும்பக் கொண்டாந்திருக்கியேன்னு ப்ளாட்பாரமே திரும்பிப் பாக்கறாப்பல சொன்னாங்க. கல்கத்தாவுல அரிசியே கெடைக்காதோன்னு நாத்தனாரு. நான் ஆறாங்கிளாஸ்தான் சிஸ்டர், நாலு பேருக்கு முன்னால எனக்குப் பேச்சே வராது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் ரூமா பௌதி, பௌதின்னா இங்க அண்ணி, கொஞ்சம் தமிழ் வரும், அவங்ககிட்டதான் அழுதேன். அவங்க ஒரு மாத்திரை சொன்னாங்க. மருந்துக்கடையில சீட்டு கேக்க மாட்டான், நல்லா பசிக்கும், கன்னத்துல சதை வைக்கும்னாங்க. ஊருக்குக் கெளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சேன். பருப்புல பொடிச்சுப் போட்டுடுவேன். இவருகிட்ட சொன்னா தின்ன மாட்டாரு. அந்தப் பொங்கலுக்கு மாமியார் இவரு கன்னத்தத் தடவிட்டு, நல்லாத்தான்டி நீ பாத்துக்கறேன்னாங்க. அத்தன பேருக்கும் முன்னால. மறு பொங்கலுக்கும் அதே மாதிரி குடுத்தேன்.

தெரியாது சிஸ்டர், சத்தியமா அப்பத் தெரியாது. ரெண்டாவது தடவ வந்தப்ப, எதெல்லாம் கூடாதுன்னு டாக்டர் ஒரு தாள்ல பேரு எழுதிக் குடுத்தாரு. எனக்கு இங்கிலீசு படிக்க வராது, எழுத்து மட்டும் தெரியும். வீட்டுக்குப் போயி மாத்திரை அட்டையப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்தேன். கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருந்துச்சு.

ஆமா, அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்.

இல்ல, அது போன வருசம். இந்த வருசம் ஜனவரி பத்தாந்தேதிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பரீட்சை போன ஏக்கத்துல கன்னம் ஒட்டிப்போச்சு இவருக்கு. பாதிதான் சிஸ்டர். பாதி மாத்திரை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்.

லேசர் வைக்கலாமான்னு உள்ள பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. இன்னிக்கும் அந்தப் பருப்பச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தாரு.