பெரிய வெள்ளியின் கட்டைமணி

தவக்காலச் சூப்பில் உப்பைக் குறைத்துத்தான் போட வேண்டும். எங்கள் மலையூரில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. வெள்ளிக்கிழமை மதியம் ஊரே கோயிலின் பங்கு மண்டபத்தில் கூடி, ஒரே அண்டாவிலிருந்து பார்லி சூப்பைக் குடிக்கும். நாக்குக்கு ருசித்துவிட்டால் அது நோன்பில்லை. என் அம்மா நோட்புர்காதான் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைக் காய்ச்சினாள். பங்குப் பேரவைத் தலைவர் கஸ்ஸியான் முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "ஏன் நோட்புர்கா, இது நோன்புக் கஞ்சியா, கல்யாண விருந்தா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. படித்த பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன் ஐயா. உப்பைப் பற்றி ஏன் சொன்னேன் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டார் தொட்ட எதையும் இன்னொரு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார், அவ்வளவுதான்.

அம்மா கோயிலைத் துடைத்து, திரியேற்றி, மணியடிக்கும் கோயில்பிள்ளையாக இருந்தவள். பீடத்தை மூடும் ஊதாத்துணியைக் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. நான் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா தேறும்வரை என்று ஊருக்கு வந்து அவள் வேலையை எடுத்துக்கொண்டேன். அம்மா தேறவில்லை. சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். கஸ்ஸியான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அவ்வளவு படிச்சிட்டு வந்து மெழுகு சுரண்டுறியேம்மா" என்பார். சுரண்டி முடித்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற கீதத்தைப் பாடும்போது மணி அடித்தால், பிறகு உயிர்ப்பு ஞாயிறுவரை அடிக்கக் கூடாது. மணிகள் ரோமுக்குப் போய்விட்டன என்போம். அந்த நாள்களில் கோபுரத்து உச்சியிலுள்ள கட்டைமணிதான் ஊரைச் செபத்துக்கு அழைக்கும். அது ஒரு மரப்பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளேயிருக்கும் சுத்தியல்கள் பலகையைத் தடதடவென்று அடிக்கும். ஒரு பெரிய வெள்ளியன்று அம்மாவின் தோள் பட்டு மணியின் நாக்கு ஒரு தடவை அசைந்துவிட்டது. ஒரே ஒரு ஓசை. அடுத்த வருஷச் சூப்பின்போது கஸ்ஸியான் அவளை எழுப்பி நிறுத்தி, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அம்மாவுக்கு ஓர் ஆசை. பெரிய வியாழனன்று, இயேசுவின் சீடர்கள் நினைவாகச் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் தானும் உட்கார வேண்டும். அந்தச் சடங்குக்கான துண்டுகளை வாழ்நாள் முழுக்கத் துவைத்துத் தேய்த்தவள் அவள். புதிதாக வந்த கெப்ஹார்ட் சாமியார் உடனே சரி என்றார். அம்மா நகம் வெட்டிக்கொண்டாள். புதுக் காலுறை வாங்கினாள். பூசைக்குக் கொஞ்ச நேரம் முன்பு, உடைமாற்றும் அறையில் கஸ்ஸியான் அவள் காலைக் குனிந்து பார்த்தார்.

"வீங்கிப்போய்க் கெடக்கே நோட்புர்கா. இத ஊர் பாக்கணுமா? என் மச்சான் உக்காரட்டும். நீ துண்டு புடி. அதுதான் உனக்குக் கை வந்த வேல."

"சரிங்க தலைவரே" என்றாள் அம்மா.

நடைவண்டியில் ஒரு கை, துண்டில் ஒரு கையாக, பன்னிரண்டு ஆண்களின் கால் காயும்வரை நின்றாள். காலுறையைக் கழற்றவே இல்லை.

பூசை முடிந்ததும் நான் மேலே போய் மூன்று மணிகளின் நாக்குகளையும் தவறியும் அசையாதபடி தோல்வாரால் கட்டிவிட்டு இறங்கினேன். நான் கட்டியது சரியா என்று பார்க்கக் கஸ்ஸியான் ஏறினார். அதை முடித்துக்கொண்டு மலைமேல் இருக்கும் துறவிமடத்துக்குப் போய்விடுவார். மனைவி இறந்ததிலிருந்து வருஷாவருஷம் அப்படித்தான். பெரிய வெள்ளியும் சனியும் அங்கே தனியாக மௌனம், பட்டினி. உயிர்ப்புத் திருப்பலிக்கு விடியலில் இறங்கி வருவார். நடுவில் யாரும் அவரைத் தேடமாட்டார்கள். கைபேசியும் கிடையாது. அந்த மூன்று நாளும் எல்லோரும் கைபேசியைக் கோயில் கூடையில் போட்டுவிட வேண்டும் என்று கொண்டுவந்ததே அவர்தான். தன்னுடையதை முதலில் போட்டார்.

மணிக்கூண்டின் தரையில் ஒரு கதவு உண்டு. காற்றில் தூக்கியடிக்காமல் இருக்க அதற்குக் கீழ்ப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். நான் விளக்கை அணைக்க ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. குளிர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மூடினேன். மூடிய கதவைத் தாழிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கீழே வந்தபோது அவருடைய முதுகுப்பையும் தடியும் கோபுரப் படியில் இருந்தன. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று எடுத்து, பழைய திருவுடைகளுக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன்.

காலையில் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பெரிய வெள்ளி காலை கட்டைமணி சுற்ற நான் கோபுரத்துக்குப் போனபோது, மேலே அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. கத்தினால் அந்த உயரத்திலிருந்து குரல் இறங்காது. கட்டைமணி இறங்கும். அதற்காகச் செய்ததுதானே. வெளியே வந்தேன். ரொட்டி வாங்கப் போன பெண்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அவர் சுற்றச் சுற்ற ஊர் முழங்காலிட்டது.

எனக்கு மேலே போக வேலை இல்லாமல் போயிற்று.

மதியத்துக்குள் அது கண்ட நேரத்திலெல்லாம் அடித்தது. பக்கத்து வீட்டுப் பவுலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இந்த வருஷம் உனக்குப் பக்தி முத்திப்போச்சா? உங்கம்மாகூட இப்படிச் சுத்துனதில்லையே. கை கழண்டுறப் போகுது."

"தவக்காலம்தானே அக்கா" என்றேன்.

என் வேலையை அந்த ஊர் முதல் தடவையாகப் பாராட்டியது அன்றுதான்.

அம்மாதான் சிக்கல் பண்ணினாள். பிற்பகல் மூன்று மணி ஆராதனை முடிந்து, நான் அவளெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கட்டைமணி அடித்தது. அம்மா என் கையைப் பார்த்தாள்.

"நீ இங்க இருக்க. மேல யாருடி சுத்துறா?"

"காத்தும்மா."

"காத்து கைப்பிடிய சுத்துமா? கஸ்ஸியான் மடத்துக்குப் போனத யாரு பாத்தா?"

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன். அவள் நடைவண்டிக்குக் கை நீட்டினாள். சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும் என்று அதை நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். குளிருக்காக ஜன்னல் கதவுகளையும் சாத்தினேன். அப்புறம் ஒரு தொட்டியில் வெந்நீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, கோயிலில் கழுவாத அவள் கால்களைக் கழுவினேன். நல்ல துண்டுதான் எடுத்தேன். மேலே தடதடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"கதவத் தெறந்துட்டு வா. அப்பறம் கழுவு" என்றாள் அம்மா. "நான் அவர என்னைக்கோ மன்னிச்சுட்டேண்டி."

"நான் மன்னிக்கலம்மா."

"உன் காலையா பாத்தாரு? என் காலத்தானேடி பாத்தாரு."

சனிக்கிழமை அது மெதுவாக அடித்தது. பிறகு அடிக்கவில்லை. பவுலா, "ஓஞ்சுட்டியா?" என்று சிரித்தாள். அன்று முழுக்கப் பனி விழுந்தது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் மூன்று மணிகள் இருந்தன. பெரிய வெள்ளியன்று ஒரே ஒரு தடவை அடித்திருந்தால், சண்டை பிடிக்கவாவது ஊர் முழுக்க மேலே ஏறியிருக்கும். அவரிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. அவர் அடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது குற்றமா?

ஞாயிறு விடியலில், கோயில் வாசலில் தீ மூட்டுவதற்கு முன்பு, நாக்குகளை அவிழ்க்க ஏறினேன். தாழ்ப்பாள் உறைந்திருந்தது. கதவைத் தூக்கத் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கதவின்மேல்தான் விறைத்துக் கிடந்தார். கைப்பிடியில் இரத்தம் காய்ந்திருந்தது. மூன்று தோல்வார்களையும் அவிழ்த்து, சுருட்டி, ஒழுங்காக வரிசையில் வைத்திருந்தார். அவிழ்த்தவர் அடிக்கவில்லை. என் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. இறங்கிவிட்டேன்.

இருட்டுக் கோயிலில் மெழுகுத்திரிகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றின. சாமியார் உன்னதங்களிலே என்று எடுத்ததும் நான் கயிற்றை இழுத்தேன். மூன்று மணிகளும் அவர் தலைக்குமேல் முழங்கின. இவ்வளவு நன்றாக ஒருபோதும் அடித்ததில்லை என்று பலர் கண்ணைத் துடைத்தார்கள். சாமியார் மந்திரித்துக் கொடுத்த பன்றித்தொடையும் முட்டையும் கொண்டு எங்கள் வீட்டுக்குப் போன பவுலாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு வயதாகிவிட்டது.

தாழிட்டது நான். கேட்டது நான். திறக்காதது நான். எல்லாம் அந்தக் கால்களுக்காகச் செய்தது. அம்மாவின் வாக்குமூலத்தில், கழுவும்போது அவள் என்னை உதைத்து உதைத்துக் காலை இழுத்துக்கொண்டதாக இருக்கிறதாமே, அதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. அம்மாவுக்குக் காலில் கூச்சம் அதிகம்.