பரீட்சைக் காய்ச்சல்

— கண்ணாடியைத் தட்டாதே வாலு, போனை எடு. பக்கத்துச் செவுத்துல தொங்குது பாரு.

— எடுத்துட்டேண்ணா. கேக்குதா? என்ன கோலம் இது, மொட்டை?

— தலை அரிச்சுது, வழிச்சுட்டேன். லிஃப்ட் மெக்கானிக் தலையில கிரீஸ் ஒட்டாது இனிமே.

— மூஞ்சியப் பாரு. எதுக்கு ரூம் மாத்தினாங்க? என்னை உள்ளயே விடமாட்டேங்கறாங்க.

— பெரிய மனுஷனுக்குக் கண்ணாடி ரூம்தான். நீ அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கு.

— வேணாம்ணா.

— இறக்குடீ. இவ்வளவு தடிக் கண்ணாடி இருக்கு நடுவுல.

— இந்தா, பார்த்துக்கோ.

— உதட்டுல என்னது அது?

— கொப்புளம். பரீட்சை வந்தா கூடவே வரும். எங்க ஹாஸ்டல்ல இப்ப நல்லா இருக்கிறவளைத் தேடணும். ஒருத்திக்கு அக்கி, ஒருத்திக்கு ஓயாத இருமல், என் ரூம்மேட்டுக்குக் கண்கட்டி. மெஸ்ஸுல தட்டோட வரிசையில நின்னா ஏதோ தர்மாஸ்பத்திரி மாதிரி இருக்கு.

— ராத்திரி தூங்குறியா இல்லியா?

— தூக்கமா! கணக்குப் பேப்பர் ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. இதுவும் போனா வருஷமே போச்சு. நீதானே மிரட்டினே? ‘எனக்காக ஒரு பரீட்சையை விட்டாலும் உன்கூடப் பேசமாட்டேன்’னு.

— சொன்னேன். சொல்லித் தொலைச்சேன்.

— அண்ணா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

— மறுபடியும் ஊத்திக்கிச்சா?

— அது இல்லண்ணா. நேத்து பரீட்சை ஹால்லயே மயங்கி விழுந்துட்டேன். காலேஜ் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஏதோ வைரஸாம். சின்ன வயசுலயே உள்ள வந்து சத்தமில்லாம படுத்திருக்குமாம். நாம தூக்கமில்லாம பயந்து சாகும்போது உடம்புல காவல் இருக்கிறதெல்லாம் அசந்துடுமாம். அந்த நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்துடுச்சாம்.

— ம்.

— ‘எங்க அண்ணனுக்கு என் எலும்பு மஜ்ஜையைக் குடுக்கணும் சார், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க’ன்னேன். மனுஷன் கத்திட்டார். ஒரு மாசத்துக்கு நினைச்சுக்கூடப் பார்க்காதேன்னார். குடுத்தா அது உனக்குள்ளயும் வந்துடுமாம், நீ தாங்கமாட்டியாம்.

— காய்ச்சல் எப்பலேர்ந்து?

— பரீட்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தே. மாத்திரை போட்டா விடும், மறுபடி வரும்.

— வாலு, போன வாரம் இங்கேர்ந்து சிஸ்டர் உனக்குப் போன் பண்ணி, காய்ச்சல் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்களா?

— கேட்டாங்க.

— நீ என்ன சொன்னே?

— ‘பரீட்சைக் காய்ச்சல்தான் சிஸ்டர்’னேன். அவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— நிஜக் காய்ச்சல்னு சொல்லலையா?

— சொல்லியிருந்தா பரீட்சையை விட்டுட்டு டெஸ்டுக்கு வான்னு இழுத்திருப்பாங்க. நீ பேசமாட்டே. சத்தியமா எனக்கும் அது பரீட்சைக் காய்ச்சல்னுதாண்ணா தோணிச்சு. எல்லாருக்கும் வருதே! அவங்களும், ‘அப்ப சரி, ஆரம்பிச்சிடறோம்’னு வெச்சுட்டாங்க.

— எதைன்னு கேட்டியா?

— எனக்கு ரூம் போடற வேலையா இருக்கும்னு நினைச்சேன். ஏன் அப்படிப் பார்க்கறே? ஒரு மாசம்தானே தள்ளிப் போகுது? நல்லாத் தின்னு, தூங்கி, குண்டாகிட்டு வந்து குடுக்கறேன். டாக்டர்கிட்ட நீயே சொல்லிடுண்ணா, ப்ளீஸ். அம்மா என்னைக் கொன்னுடுவா.

— அம்மாவை ஒண்ணும் சொல்லாதே. பரீட்சை முடியற வரைக்கும் வாலு காதுக்கு எதுவும் போகக் கூடாதுன்னு அவ வாயைக் கட்டினவன் நான்தான்.

— எது போகக் கூடாது?

— நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப நான் லிஃப்டுக்குக் கயிறு மாத்தறதைப் பார்க்க வந்தியே. என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு.

— ‘பழைய கயித்தைக் கழட்டினப்புறம் புதுசு வரலேன்னா?’ன்னு கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. புதுசு நல்லா இருக்கான்னு பார்க்காம எந்த மடையனும் பழசுல கை வைக்கமாட்டான்னே.

— இவங்களும் மடையங்க இல்ல, வாலு. நீ போன்ல சிரிச்சதைக் கேட்டப்புறம்தான் மருந்து ஏத்தி என் பழைய மஜ்ஜையை எரிக்க ஆரம்பிச்சாங்க. நேத்தோட எல்லாம் எரிஞ்சு முடிஞ்சுது.