ரோஜாப் பாத்தியில் புதினா

புதினாவை ஒருநாளும் தரையில் ஊன்றக் கூடாது, இன்ஸ்பெக்டர். தொட்டியில் வைத்தால் சாதுவாக இருக்கும். தரையில் விட்டால் மண்ணுக்கடியில் வேரோடு கொடி ஓட்டி அடுத்த பாத்தியில் தலை நீட்டும். பிடுங்கினால் அறுபடும். அறுபட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச்செடி. மலர் ஆர்வலர் சங்கக் கூட்டங்களில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நன்றாகக் கைதட்டுவார்கள். என் வீட்டிலேயே அது மேய்ந்துகொண்டிருந்ததை நான் சொல்லவில்லை.

ஊன்றியது என் மகள். குட்டி என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். குழாயடிப் பக்கம், எதுவுமே முளைக்காத மூலையைக் கொடுத்தேன். இலை உருவிப் போட்ட தண்டு ஒன்றைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து சொருகினாள். "அப்பா, உங்க ரோஜாவ விட இது சீக்கிரம் வளரும், பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். சொன்னபடியே வளர்ந்தது. அவள்தான் வளரவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு என் மனைவி தினமும் காலையில் அந்த மூலைக்குப் போவாள். ஒரு கைப்பிடி இலை கிள்ளி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து குடிப்பாள். நாள் முழுவதும் அவள் முகத்தில் ஏதாவது வெளிச்சம் வருமென்றால் அந்த ஒரு டம்ளர் நேரம்தான்.

சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வருடாந்திரத் தோட்டப் போட்டி என்றால் மட்டும் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். நடுவர்கள் தொப்பியும் அளவுகோலுமாக வருவார்கள். ஒரு இதழைத் தொட்டுவிட்டு, தீர்ப்பு எழுதுகிற நீதிபதி மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள். முதல் பரிசுக்கு 'மலர் மாமணி' என்று பட்டம். வாசல் கேட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பித்தளைப் பலகையும் தருவார்கள். சங்கத் தலைவரான என் கேட்டில்தான் அது இல்லாமல் இருந்தது. இந்த வருஷம் வந்துவிட்டது. உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள்.

போன வருஷம் நடுவர் ஒருவர் என் ரோஜாவின் காலடியில் அளவுகோலால் கிளறினார். "தலைவரே, இது என்ன ரகம்? வாசனை சமையலறைப் பக்கமா போகுதே" என்றார். செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த தலைவராகத் துடிக்கிறவர் அவர். என் செடியில் ஒரு இலை பழுத்தால் அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்கும்.

அன்றைக்கு மனைவியிடம் மெதுவாகத்தான் கேட்டேன்.

"அத எடுத்துடலாமா?"

"எத?"

"அதைத்தான்."

"ஏங்க, உங்க ரோஜாவுக்கெல்லாம் வாய் நிறையப் பேர் வச்சிருக்கீங்க. நம்ம பொண்ணு வச்சதுக்கு மட்டும் 'அது'ன்னா பேரு?"

"மூலையிலேயே இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? பாத்திக்குள்ள வருதே."

"வரட்டுமே. அவ மட்டும் என்னிக்கு ஒரு இடத்துல உக்காந்தா?"

செங்கல்லைப் புதைத்து வரப்புக் கட்டினேன். அது செங்கல்லுக்கு அடியில் புகுந்து வந்தது. நர்சரிக்காரரிடம் போனேன். "பிடுங்கி மாளாது சார்" என்றார். "இந்த மருந்தை இலையில தடவுங்க. இலையே குடிச்சு வேருக்குக் கொண்டுபோய்க் குடுத்துடும். கொஞ்ச நாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும், ஏமாந்துடாதீங்க. வீட்ல யாரும் கை வைக்காம பாத்துக்கிடுங்க." நல்ல மனிதர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்துத் தொடங்கினேன். தெளித்தால் ரோஜாவில் படும், தூரிகை வேண்டியிருந்தது. குட்டியின் வண்ணப் பெட்டியில் ஒன்று இருந்தது, மெல்லிய முடி. மருந்தில் தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தார். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, கலக்கவில்லை. இலை இலையாக, மேலும் கீழும் தடவினேன். அந்தச் செடியிடம் அதற்கு முன் நான் அவ்வளவு பொறுமையாக நடந்துகொண்டதே இல்லை.

ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னவள் மறுநாளே வந்துவிட்டாள். கொண்டுவந்து விட்ட தங்கை வாசலிலேயே, "பிடிங்க மாமா உங்க சொத்த. எங்க வீட்டுக் காபி இறங்கலையாம், புதினாத்தண்ணி வேணுமாம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, ஜன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் குனிந்து இலை கிள்ளினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இலையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அடுத்த கன்னத்துக்கு நுரை தடவினேன்.

எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். "இன்னிக்கு என்னமோ இலையெல்லாம் பளபளன்னு இருக்குங்க. ஒரு வாய் குடிங்களேன். அவ வச்சத நீங்க ஒரு தடவகூடக் குடிச்சதில்ல."

நெஞ்செரிச்சல் என்றேன். எதையும் கீழே கொட்ட மனம் வராதவள். என்னுடையதையும் அவளே குடித்தாள்.

அந்த வாரம் முழுக்க, இன்றைக்கு இலை வாடிவிடும், அவளே நிறுத்திவிடுவாள், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். இலை வாடவில்லை. அவள் வாடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வித்தியாசமா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "எப்பவும் சாப்பிடுறதுதான்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

டாக்டர் நகர்ந்ததும், வாயெல்லாம் புண்ணோடு அவள் கேட்டாள்: "புதினாவுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தினேன்."

"எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு."

ஒரு டம்ளர் நேரத்து வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. என்னால் அந்த முகத்தில் அது வந்தது அன்றைக்குத்தான்.

உடனே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். டாக்டரும் பிறகு அதைத்தான் சொன்னார். தெரிந்துதான் தடவினேன், தெரிந்துதான் குடிக்க விட்டேன், தெரிந்துதான் டாக்டரிடம் மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டால் அங்கே செயலாளர் பூங்கொத்தோடு நிற்கிறார். நடுவர்கள் வரவேண்டிய வாரம். அறைக்குள்ளோ அவள் விழித்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். குட்டியின் செடியை நான் கொன்றுவிட்டேன் என்று அவள் காதில் விழும்படி எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்தில் அவள் மனம் நோக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.